அண்ணாவை மறிக்கப் பொன்ட்ரெசினாவுக்கு

2017 நவம்பர், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பாவும் நானும் ஃப்ரிபூர்க்கில் ரயில் ஏறினோம். பொன்ட்ரெசினா வரை அரைக் கட்டண அட்டையுடன் ஒருவருக்கு 57 பிராங். சூரிக், கூர், சமேடான் ஆகிய மூன்று இடங்களில் மாற வேண்டும்.

அண்ணா சுவிஸ் இராணுவத்தில் கப்டனாக இருந்தவர். மேஜர் பதவிக்குக் காத்திருந்து, கிடைக்காமல் விலகினார். இப்போது ஒரு தனியார் படையின் தலைவர். மேற்கு ஆப்பிரிக்காவில் ஆயுதக் குழுவொன்று பிடித்துவைத்திருக்கும் தங்கச் சுரங்கத்தை மீட்டுக்கொடுக்கப் பதினொரு பேருடன் ஞாயிறு காலை புறப்பட இருந்தார். தொலைபேசியில் என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார்.

"அப்பா நேர வந்து வேண்டாமெண்டு சொன்னால் நிப்பன். வேற ஆர் சொன்னாலும் போவன்."

கூரில் ஏறிய சிறிய ரயில் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. சட்டம் இடம் கொடாது, அம்மாவுக்கு இரத்த அழுத்தம், ஒப்பந்தத்தில் காப்புறுதி இல்லை என்று அப்பாவுக்கு வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாலங்களைப் பரிசோதிப்பது என் தொழில். பிழைகளை அப்படி அடுக்கித்தான் பழக்கம்.

"உதெல்லாம் அவனுக்குத் தெரியும், பிள்ளை. நான் சொல்லுறன்."

பொன்ட்ரெசினா 1,800 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கோடை முடிந்து பனிச்சறுக்கு தொடங்காத மாதம். விடுதிகள் மூடிக் கிடந்தன. அண்ணா வாடகைக்கு எடுத்திருந்த விடுதியைக் கண்டதும் அப்பா நின்றுவிட்டார். அகதியாக வந்த புதிதில் அவர் கோப்பை கழுவிய இடம். வாசலுக்கு வந்த அண்ணாவிடம் கேட்டார்.

"தெரிஞ்சுதான் எடுத்தனியோ?"

"ஓம். அப்ப பின்கதவாலை வந்தனீங்கள். இப்ப முன்கதவாலை வாங்கோ."

சமையற்காரர் இல்லாததால் படையினர் இரண்டு நாளாக ரின்னில் அடைத்த மீன்தான் தின்றிருந்தார்கள். அதைக் கேட்ட அப்பா கோட்டைக் கழற்றிவிட்டுக் குசினிக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

"அப்பா, முதல்ல அண்ணாவோட கதையுங்கோ."

"பசியோட இருக்கிறவங்களிட்டை என்னத்தைக் கதைக்கிறது? சாப்பிடட்டும்."

ஆறு மணிக்கு ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் மேசைக்கு வந்தன. தாடிக்காரர் ஒருவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு இன்னொரு ரொட்டி கேட்டார்.

"உறைப்புக் குறைச்சுத்தான் போட்டனான்," என்றார் அப்பா. "துவக்குத் தூக்கிறவங்கள் மிளகாய்க்கு அழுறாங்கள்."

அண்ணா அதை ஜெர்மனில் சொல்ல, மேசையே சிரித்தது. பிறகு அப்பாவைக் கழுவுதொட்டிப் பக்கமே விடாமல், கோப்பைகளை அவர்களே கழுவினார்கள். அப்பாவை முன்மண்டபத்து நாற்காலியில் இருத்திவிட்டு அண்ணா அருகில் இருந்தார். அப்பாவின் வார்த்தைக்காக அவர் காத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. அப்பா இரண்டு தரம் தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கு வழியில என்ன சாப்பிடுவியள்?"

ஞாயிறு காலை விடுதி வாசலில் இரண்டு வான்கள் நின்றன. அலுமினியத் தாளில் சுற்றிய ரொட்டிகளை அப்பா ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். நான் அண்ணாவை ஒதுக்கிக் கூப்பிட்டு என் வாதங்களை மறுபடி சொன்னேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்பா ஒண்டும் சொல்லேல்லையே," என்று சொல்லிவிட்டு வானில் ஏறினார்.

திரும்பும் ரயில் ஓடிய எங்கடின் பள்ளத்தாக்கு அழகான இடம். போகிறவர்கள் ஆறுதலாகப் பார்க்க வேண்டும். எங்களால் முடியவில்லை. கூர் நிலையத்தை நெருங்கும்போது அப்பா கேட்டார்.

"பிள்ளை, நான் சமைச்சதை அவன் சம்மதமெண்டு எடுத்திட்டானோ?"

"ஓம், அப்பா," என்றேன்.