அம்மாவின் இடது கன்னம்

யாரைப் பார்த்தாலும் சித்தி முதலில் தாடையைத்தான் பார்ப்பாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காற்றில் விரித்து, நெற்றிக்கும் முகவாய்க்கும் இடையே அளவெடுப்பாள். பிறகு தனக்குத்தானே சொல்வது போல "வட்டம்" என்பாள். அல்லது "நீளம்". பேருந்து நடத்துனர், வங்கி அதிகாரி, பிறந்து மூன்று நாளான குழந்தை, யாரும் தப்பியதில்லை. என் அப்பா இறந்து கிடந்தபோதும் அந்த விரல்கள் விரிந்தன. எனக்கு அப்போது ஒன்பது வயது. அவள் உதடு அசைந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அம்மாவை "சதுரம்" என்றாள். அது ஒட்டிக்கொண்டது.

சித்தி அம்மாவின் தங்கை. மருந்துக்கடைக்கு மேலே, ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஏற முடியாத படிக்கட்டின் முடிவில் அவளுடைய அழகு நிலையம். முன்னறையில் இரண்டு சுழல் நாற்காலிகள். பின்னறையில் சனிக்கிழமைதோறும் வகுப்பு. பிரஷ்ஷை எப்படிப் பிடிப்பதென்றே தெரியாத ஆறு பெண்கள் வருவார்கள். அப்பா போன பிறகு அம்மா அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். முடி கூட்டுவது, துண்டு துவைப்பது, பிரஷ்களை அலசிக் காயவைப்பது. சனிக்கிழமை இன்னொரு வேலையும் உண்டு: வகுப்பின் நடுவில், வெள்ளை விளக்குக்குக் கீழே உட்கார்ந்து முகத்தைக் கொடுப்பது.

கான்டூர் என்பது முகத்தில் நிழல் போடுவது. தோலைவிட இரண்டு படி அடர்ந்த பவுடரைப் பூசிய இடம் உள்ளே போனது போலத் தெரியும். வெளிர் நிறம் வைத்த இடம் முன்னால் வரும். வட்ட முகத்துக்கு இரண்டு ஓரங்களிலும் நிழல். நீள முகத்துக்கு மேலும் கீழும். சதுரத்துக்கு நான்கு மூலைகளிலும். சித்தி நன்றாகச் சொல்லிக்கொடுப்பாள். அதை நான் மறைக்கக் கூடாது.

"கன்னத்தை உள்ள இழுங்க, மீன் மாதிரி. எங்க பள்ளம் விழுதோ அங்கதான் பிரஷ். காதுகிட்ட ஆரம்பிச்சு, கருவிழிக்கு நேர் கீழ வந்ததும் நிறுத்திடணும். வாய் வரைக்கும் இழுத்தா மீசைதான். கோடு தெரிஞ்சா அழுக்கு, தெரியலைன்னா நிழல்."

பிறகு அம்மாவின் முகவாயைப் பிடித்துத் தூக்குவாள். "எங்க அக்காவைப் பாருங்க. மூடி போட்டா பார்சல் அனுப்பிடலாம்."

பெண்கள் சிரிப்பார்கள். எல்லோரையும் முந்திக்கொண்டு முதலில் சிரிப்பது அம்மாதான். அது ஏன் என்று எனக்கு வெகுகாலம் புரியவில்லை. இப்போதும் முழுதாகப் புரிந்துவிட்டதா என்று தெரியாது.

சித்தி வலது பக்கத்துக்கு மட்டும்தான் போடுவாள். இடது பக்கம் வெறுமையாக இருந்தால்தானே வித்தியாசம் தெரியும். பதினொரு வருடம், சனிக்கிழமைதோறும், அம்மாவின் பாதி முகம் ஒரு மணி நேரம் அழகாக இருந்தது. வகுப்பு முடிந்ததும் கழுவிவிட்டுத் துண்டு துவைக்கப் போவாள்.

ஒரு முறை அம்மா கேட்டாள். "இன்னைக்கு மத்த பக்கமும் போட்டு விடேன். கண்ணாடியில ஒரு தடவை முழுசா பாத்துக்கறேன்."

"பவுடர் என்ன மரத்துலயா காய்க்குது?" என்றாள் சித்தி. பிறகு என்ன தோன்றியதோ, "உன் பொண்ணு பட்டம் வாங்கற அன்னைக்கு ரெண்டு பக்கமும் போட்டு விடறேன். என் வாக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை. ஆனால் நான் ஒவ்வொரு பரீட்சை எழுதி வந்தபோதும், இன்னும் எத்தனை பாக்கி என்று கேட்பாள். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கல்லூரிப் படி மிதித்ததில்லை. என் படிப்பைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

படிப்புச் செலவு சித்தியுடையது. அதனால்தான் வகுப்புக்கு ஒரு சிறு புத்தகம் எழுதித் தரச் சொன்னபோது மறுக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மை என்னவென்றால், எனக்குப் பெருமையாக இருந்தது. ஒவ்வொரு முக வடிவத்துக்கும் ஒரு படம் வரைந்தேன். சதுரத்துக்கு அம்மாவை வரைந்தேன். நான்கு மூலைகளுக்கும் அம்புக்குறி போட்டு "மறைக்க வேண்டிய குறை" என்று எழுதினேன். என் தாடையும் அதே தாடைதான். அது அப்போது என் நினைவுக்கே வரவில்லை.

அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பாள். அந்தப் பக்கத்தில் நெடுநேரம் இருந்தாள். கடைசியில், "காதைக் கொஞ்சம் பெருசா போட்டுட்டே" என்றாள்.

பட்டமளிப்பு விழா ஒரு சனிக்கிழமை வந்தது. பத்து மணிக்கு அரங்கில் இருக்க வேண்டும். ஏழரைக்கே நாங்கள் படியேறினோம். அம்மா தலைக்குக் குளித்து, நீலப் புடவை கட்டியிருந்தாள். பின்னறையில் ஆறு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பை முன்கூட்டியே வைத்துவிட்டதாகவும், ஒரே வேலையாக முடித்துவிடலாம் என்றும் சித்தி சொன்னாள்.

வலது பக்கத்துக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். அப்படி அவள் போட்டு நான் பார்த்ததில்லை. தாடை எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் வேறொருத்தி இருந்தாள், அம்மாவைவிடப் பத்து வயது இளையவள். அம்மா கண்ணாடியைப் பார்த்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

சித்தி பிரஷ்ஷை நீட்டினாள், பெண்களிடம். "இன்னைக்குப் பரீட்சை. இடது பக்கம் உங்களுது. ஆளுக்கு ஒரு இடம்."

முதல் பெண் பிரஷ்ஷில் மிஞ்சிய பவுடரைத் தட்டாமலே வைத்தாள்; நெற்றியோரம் காப்பி கொட்டினது போல ஆனது. இரண்டாமவள் பவுடருக்கு மேல் கிரீமைத் தேய்த்தாள். கன்னத்தில் பவுடர் திட்டுத்திட்டாகச் சுருண்டது. மூன்றாமவள் வாய் வரைக்கும் இழுத்தாள். "மீசை" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை அம்மா சிரிக்கவில்லை. கடைசியாக வந்த ஒல்லிப் பெண் மட்டும் கை நடுங்க, "மன்னிச்சிருங்க ஆன்ட்டி" என்றாள். சித்தி ஒவ்வொருத்திக்கும் பலகையில் மதிப்பெண் போட்டாள்.

"ரெண்டு பக்கமும் ஆச்சு. வாக்கைக் காப்பாத்திட்டேன்ல, அக்கா?"

நான் கதவோரம் பட்டமளிப்பு அங்கியை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "அம்மா, நேரமாச்சு."

அம்மா தொட்டியருகே போய், துண்டின் நுனியை நனைத்து, வலது பக்கத்தில் ஒரு சொட்டும் படாமல் இடது பக்கத்தைத் துடைத்தாள். படி இறங்கும்போது நான் சொன்னேன்: "முழுசா கழுவிடும்மா. எல்லாரும் பாப்பாங்க."

"இருக்கட்டும்டி."

புகைப்படக்காரர் நேராகப் பார்க்கச் சொன்னார். மூன்று முறை சொன்னார். "இப்படியே எடுங்க தம்பி" என்றாள் அம்மா. படத்தில் நான் சிரிக்கிறேன். பக்கத்தில் அம்மா வலது கன்னத்தை மட்டும் காட்டி, சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு அவளோடு நின்றதில் எனக்கு வெட்கமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த வருடம் சித்திக்குச் சிறுநீரகம் கெட்டது. மருத்துவமனையில் இரவும் பகலும் கூட இருந்தவள் அம்மாதான். சித்தியின் முகம் வற்றி எலும்பு துருத்தியது. "இனிமே எனக்கு பிரஷ்ஷே வேணாம், கன்னம் தானா உள்ள போயிடுச்சு" என்று நர்சுகளிடம் சொல்லிச் சிரிப்பாள். ஒரு மாலை, அம்மா மருந்து வாங்கப் போயிருந்தபோது, நான் கேட்டேன். அம்மாவின் இடது பக்கத்துக்கு ஏன் போடவில்லை என்று.

சித்தி ஒரு கண்ணை மூடி, விரல்களை விரித்து என் முகத்தை அளந்தாள்.

"போட்டிருந்தா மறுபடியும் அவதான் எங்க வீட்டுல அழகு. சின்ன வயசுல எல்லாரும் அதான் சொன்னாங்க. அந்தத் தாடையைப் பாத்துதான் சொன்னாங்க." விரல்கள் போர்வையில் விழுந்தன. "வீட்டுக்கு வந்ததும் போட்டு விடறேன்னு சொல்லு."

வீட்டுக்கு வரவில்லை.

நிலையத்தை அந்த ஒல்லிப் பெண் எடுத்துக்கொண்டாள். இப்போது கை நடுங்குவதில்லை. அம்மா இன்னும் அங்கே துண்டு துவைக்கிறாள். போன வாரம் அந்தப் பெண் நாற்காலியைத் துடைத்து, "உக்காருங்க ஆன்ட்டி, ரெண்டு பக்கமும் போட்டு விடறேன். சும்மாதான்" என்றாள்.

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். உட்காரவில்லை.

"வேணாம்மா. அது நீ தர வேண்டியது இல்ல. அவ தர வேண்டியது."