நிந்தவூரில் கிடைத்த உதவி

அறுபத்தேழு வயதில் பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு வரை சைக்கிளிலேயே போகிறேன். ஓரடி தூரம்கூட வாகனத்தில் ஏறமாட்டேன் என்று வீட்டில் எல்லாருக்கும் முன்னால் சபதம் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். நிந்தவூர்த் தேநீர்க் கடையில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்ததுதான் நான் செய்த பிழை. கடைக்காரரை எல்லாரும் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிறார்கள்; அவர் அதைப் பார்த்துவிடுகிறார்.

கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்தால் சைக்கிளைக் காணோம். அது கடை வாசலில் நிற்கும் உழவு இயந்திரத்தின் பெட்டியில், நெல் மூட்டைகளுக்கு நடுவே, கயிறு போட்டுக் கட்டப்பட்டிருக்கிறது.

“மச்சான்ட மெசின் கல்முனைக்குத்தான் போகுது. ஏறுங்க ஐயா.”

“நான் சைக்கிள் உழக்கிப் போகத்தான் வந்தன், காக்கா!”

“இந்த வயசில உங்கள உழக்க விட்டுட்டு நாங்க பார்த்துக்கிட்டு இரிக்கிறதா?”

மெசின் நகர்கிறது. சைக்கிளை அதன் பாட்டில் போக விட முடியுமா? ஓடிப்போய் ஏறுகிறேன். முழங்கால் சுகமாக இருப்பது எரிச்சலை இன்னும் கூட்டுகிறது.

கல்முனையில் இறக்கியதும் சைக்கிளைத் தெற்கே, வந்த வழிக்கே, திருப்புகிறேன். எதிர்க்காற்று வேறு. சற்றுமுன் மூட்டைமேல் போன கிழவன் ஏன் திரும்பி வருகிறான் என்று காரைதீவுச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரனுக்குச் சந்தேகம். பையைக் கொட்டிப் பார்க்கிறான்.

நிந்தவூரில் காக்கா பதறிக்கொண்டு வாசலுக்கு வருகிறார்.

“என்ன ஐயா, எதையும் மறந்து வெச்சிட்டுப் போயிட்டீங்களா?”

“ஓம். அஞ்சு மைல்.”

அவர் என் முழங்காலைப் பார்க்கிறார். பிறகு, கல்முனைப் பக்கம் போகிற லொறியொன்றை மறிக்கக் கையைத் தூக்குகிறார்.