டீசல்காரர் ஊரிலிருந்து ஒரு பெட்ரோல் கார்

ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் இன்ஜின் பூட்டிக் கொடுத்து ஓய்வு பெற்றவர் என் வீட்டுக்காரர். அவர் கைப்பட்ட டாங்கிகள் லடாக் மலைக்கெல்லாம் போயின. அவர் ஏறிய ஒரே மலை பரங்கிமலைதான். "நான் பூட்டுனது அங்க ஒழுங்கா ஏறிச்சா, பாதியில நின்னுச்சான்னு ஒருத்தனும் வந்து சொல்லல" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாலே புலம்பல். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிற்று. "நம்ம வண்டியிலயே போயி, அந்த மலை எப்டி கீதுன்னு பாத்துட்டு வந்துடலாம் வாங்க" என்று ஒரு நாள் வாயை விட்டுவிட்டேன். அவ்வளவுதான், மனுஷன் பரணிலிருந்து ஸ்வெட்டரை இறக்கிவிட்டார்!

வண்டி என்னுடையது. சின்ன பெட்ரோல் கார். ஐம்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டு, என் சம்பளத்தில் நானே வாங்கியது. அவர் ஓட்ட மாட்டார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அங்கே இல்லாத பிரேக்கை ஓங்கி ஓங்கி மிதிப்பார்.

ஆவடிக்குப் பக்கத்து வெள்ளானூரில் எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் அந்தத் தொழிற்சாலைக்காரர்கள்தான். யார் வண்டி வெளியூர் கிளம்பினாலும், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் பானெட்டைத் திறந்துவைத்து, சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்வது வழக்கம். எனக்கு டீ போட்டு மாளாது. அன்றைக்கு எதிர்வீட்டுக்காரர்தான் பேச்சை ஆரம்பித்தார். இவரோடு ஒரே ஷெட்டில் வேலை பார்த்தவர்.

"அண்ணி, மேல காத்தே கம்மி. சாதா பெட்ரோல் ஊத்திகினு போனீங்கன்னா வண்டி படுத்துக்கும். ஆக்டேன் ஜாஸ்தியா கீற பிரீமியம்தான் போடணும்."

"கரெக்டா சொன்ன மச்சான்" என்றார் இவர்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டாங்கி ஓடுவது டீசலில். ஆயுசு பூராவும் டீசலோடு குப்பை கொட்டிய இத்தனை பேர், பெட்ரோலுக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள்! ஆக்டேன் என்ற பேச்சே டீசலில் கிடையாது.

நான் சும்மா இருப்பேனா? "அண்ணே, ஆக்டேன்னா பெட்ரோலோட பலம் இல்ல, பொறுமை. காலையில ஆவடி லோக்கல் ட்ரெயின்ல நசுங்கிகினு போறோமில்ல? அதுல சில பேரு இடி வாங்கிகினு கம்முனு நிப்பாங்க, சில பேரு உடனே எகிறுவாங்க. இன்ஜினுக்குள்ள நசுக்கும்போது, தீப்பொறி வர்றதுக்கு முன்னாடியே எகிறிச்சுன்னா டொக் டொக்னு தட்டும். எகிறாம நிக்குதே, அதான் ஆக்டேன். மேல காத்தே கம்மின்னா பொட்டியே காலி. காலிப் பொட்டியில எவன் சண்ட போடுவான்?"

நம் வண்டிக்குத் தொண்ணூற்றொன்று போதும் என்று கம்பெனி புத்தகத்திலேயே போட்டிருக்கிறது, நம்மூர் சாதா பெட்ரோலே அதுதான் என்பதையும் சொன்னேன். கூட்டம் டீயைக் குடித்தது. என் பேச்சை எவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "பிரீமியம் கெடைக்காத எடம் வந்தா அங்கியே வண்டிய திருப்பிடணும், சரியா?" என்று இவர் நிபந்தனை போட்டார். கிளம்பினால் போதும் என்று தலையை ஆட்டி வைத்தேன்.

ஃபாதர் வந்து வண்டிக்குத் தீர்த்தம் தெளித்தார், கிளம்பினோம். நாக்பூர், டெல்லி, மணாலி என்று இறங்கித் தங்கிப் போனோம். ஆவடி வெயிலில் வெந்த வண்டி பனிக்காற்றில் ஓடுகிறது, நான் ஓட்டுகிறேன்! ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கத்திப் பாடினேன். இவரும் கூடப் பாடினார், பிரேக்கையும் மிதித்தார்.

மணாலியைத் தாண்டி, லடாக்குக்குப் போகிற கணவாய் ஏறுவதற்கு முன்னால் கடைசி பங்க். அங்கே சாதா பெட்ரோல் மட்டும்தான் இருந்தது.

இவர் முகம் சுண்டிப் போனது. "திருப்பிடு" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "இவ்ளோ தூரம் வந்துட்டு திரும்புறதா? ஊட்டாண்ட போயி மறுபடியும் சோத்துத் தட்டு முன்னாடி புலம்புறதுக்கா?"

"வண்டி நடுவழியில நின்னுட்டா?"

"நின்னா நான் தள்றேன்" என்று சொல்லிவிட்டு, பங்க் பையனிடம் ஃபுல் டேங்க் போடச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏற ஏற வண்டியின் இழுவை குறைந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தினாலும் சோம்பலாகத்தான் நகர்ந்தது. "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்றார். "தட்டுற சத்தம் கேக்குதா? கேக்கல இல்ல? அதுக்குக் காத்து பத்தல, அவ்ளோதான். அதுக்கு எந்தப் பெட்ரோலும் மருந்து கெடையாது" என்று ஏசியை அணைத்து, முதல் கியருக்கு இறக்கினேன். சொல்லிவிட்டேனே தவிர, வளைவுக்கு வளைவு மாதாவைக் கூப்பிட்டேன். வண்டி ஊர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. ஒரு திருப்பத்தில் ரோடு மேலே போவதை நிறுத்திக்கொண்டது. சுற்றிலும் பனி, வண்ண வண்ணக் கொடிகள். கணவாய்!

நான் கூச்சல் போட்டுக்கொண்டே சாவியைத் திருப்பப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார். "அணைக்காத."

இறங்கி, மெள்ள நடந்துபோய் பானெட்டைத் திறந்து, ஓடுகிற இன்ஜினுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். ரொம்ப நேரம் அப்படியே குனிந்து நின்றார். நானும் இறங்கிப் போனேன். தட்டும் சத்தம் துளிகூட இல்லை. சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"அதுங்களும் இப்டித்தான் மூச்சு வாங்கிகினே ஏறியிருக்கும், இல்ல?" என்றார். நிமிராமலே மறுபடியும் கேட்டார். "நின்னிருக்காது இல்ல?"

"நீங்க பூட்டுனது எப்டிங்க நிக்கும்?" என்றேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. என்ன சந்தோஷம் அது!

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பானெட்டை மூடினார். அப்புறம் கீழே இறங்கிய அத்தனை வளைவுகளிலும், இல்லாத அந்தப் பிரேக்கை அவர் ஒரு தடவைகூட மிதிக்கவில்லை.