அடுத்த பிறவியில் பக்கத்து ஃபிளாட்

என் வீடியோ கண்காட்சிக்கு யோசனை வந்தது கொழும்பு கொட்டாஞ்சேனையில், ஒரு ஞானஸ்நான விருந்தில். பிரியாணிக்குப் பிறகு, ஐஸ்கிரீமுக்கு முன்பு.

என் நண்பன் ஜெரோம் விருந்தாளிகளுக்கு ஹிப்னாடிசம் செய்து காட்டிக்கொண்டிருந்தான். பகலில் அவன் பொருளியல் டியூஷன் மாஸ்டர். ஆட்களைத் தூங்கவைப்பதில் நல்ல அனுபவம். கண்மூடி உட்கார்ந்தவர்களை ஒவ்வொருவராக முற்பிறவிக்கு அனுப்பினான். முதலாமவர் ராஜா. அடுத்தவரும் ராஜா. மூன்றாமவர் கொஞ்சம் அடக்கமானவர் – தளபதி.

சரி, இவர்களுடைய பல்லக்கைத் தூக்கியவர்கள் எங்கே போனார்கள்? அவர்கள் யாருமே மறுபடி பிறக்கவில்லையா?

அங்கேதான் பொறி தட்டியது. போன பிறவியைக் கேட்டால் பந்தாதான் வரும். வரப்போகும் பிறவியைக் கேட்டால்...? மயக்கத்தில் ஒரு முகம், அது சொல்லும் எதிர்காலம், இருட்டறை, பெரிய திரை. வீடியோ ஆர்ட்!

"மச்சான், நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன். எங்களுக்கு ஒரே ஒரு பிறவிதான்" என்றான் ஜெரோம். "ஆனா கமெராவை இந்தப் பக்கம் வை. என்ட லெஃப்ட் சைட்தான் வடிவு."

என் ஷூட்டிங்குக்கு முதலில் வந்தவர்களின் அடுத்த பிறவிகள் விசா கியூ மாதிரி இருந்தன. கிராண்ட்பாஸில் இருக்கும் நண்பன் டொரொண்டோவில் பனி அள்ளினான். பாமன்கடை நண்பன் பாமன்கடையிலேயே பிறந்தான், ஆனால் இரண்டு கார் பார்க்கிங்கோடு. மனிதக் கற்பனைக்கு எல்லையில்லை என்று எழுதுகிறவர்கள் என் ஹார்ட் டிஸ்க்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

பிறகு ஷர்மிளா வந்தாள். என்னோடு கம்பஸில் படித்தவள், வெள்ளவத்தைக்காரி. கூடவே அவளுடைய அம்மா, விமலா ஆன்ரி.

"பொம்பிளைப் பிள்ளையை மயக்கிப்போட்டு வீடியோ எடுப்பியள், நான் வீட்டில சீரியல் பாத்துக்கொண்டிருக்கிறதோ?"

ஆன்ரி மகளுக்குப் பக்கத்துக் கதிரையில், ஹாண்ட்பேக்கை மடியில் வைத்துக் காவலுக்கு அமர்ந்தார். ஜெரோம் டியூஷன் குரலில் ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் ஷர்மிளா ஒரு கண்ணைத் திறந்தாள்.

"எனக்கு ஒண்டும் வரேல்ல."

ஆன்ரியின் தலை சாய்ந்திருந்தது!

நான் மெதுவாகக் கமெராவைத் திருப்பினேன். "இப்ப எங்க இருக்கிறீங்க ஆன்ரி?" என்றான் ஜெரோம்.

"என்ர ஃபிளாட்டில. சின்ன ஃபிளாட்தான். கடல் தெரியுது."

"கூட யாரு?"

"ஒருத்தரும் இல்லை. ஃபேன் அஞ்சில சுத்துது." ஆன்ரி கண்மூடியபடியே சிரித்தார். "ஒருத்தரும் குறைக்கச் சொல்லேல்ல."

ஷர்மிளா என் காதில் கிசுகிசுத்தாள். அவளுடைய அப்பாவுக்கு லேசான காற்றுக்கே தும்மலும் தடிமனும் வந்துவிடுமாம். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்த வீட்டு ஃபேன் ஒன்றாம் நம்பரைத் தாண்டியதில்லையாம்.

"அங்கிள் எங்க?" ஜெரோம் விடவில்லை.

"அவரோ? பக்கத்து ஃபிளாட். நல்ல மனுசன். லிஃப்டில கண்டா சிரிப்பார்."

கைதட்டாமல் இருக்க நான் பட்ட பாடு! ராஜாக்களையும் டொரொண்டோவையும் குப்பையில் போடலாம். என் கண்காட்சி கிடைத்துவிட்டது.

ஆன்ரி விழித்து அந்த வீடியோவைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "ஐயோ, அழியுங்கோ." என் கை பட்டனுக்குப் போனபோது, "பொறுங்கோ, இன்னொருக்காப் போடுங்கோ" என்றார். இரண்டாம் தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "முதல்ல அவர் பாக்கட்டும். அவருக்கு மனம் நொந்தா அழிச்சுப்போடோணும். சரியோ?"

சரி என்று சொல்வதைத் தவிர வேறு வழி?

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் அவர்கள் வீட்டு ஹாலில் அங்கிளுக்குப் போட்டுக் காட்டினேன். வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர். தலைக்கு மேலே ஃபேன், இறக்கைகளை எண்ணக்கூடிய வேகத்தில். பார்த்து முடித்தார். மஃப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றினார். என் மாஸ்டர்பீஸ் போச்சு என்று நினைத்தேன். அவருக்கு என்ன போச்சு என்று யோசிக்கக் கொஞ்சம் பிந்திவிட்டது.

"பக்கத்து ஃபிளாட் எண்டுதானே சொன்னவ?"

"ஓம் அங்கிள்."

"கடல் பக்கமோ, றோட்டுப் பக்கமோ?"

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த ஆன்ரியின் பதில் பறந்து வந்தது. "றோட்டுப் பக்கம்!"

"பாத்தீரே தம்பி? மயக்கம் தெளிஞ்சும் எனக்குக் கடல் இல்லை."

சிரித்தார். பிறகு வீடியோவை அவரே பின்னுக்கு இழுத்து, ஆன்ரி சிரிக்கும் இடத்தில் நிறுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த பிறவி என்றால் ஆட்கள் சொர்க்கம் கேட்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆன்ரி கேட்டது ஒரு ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பும் உரிமை. அதற்கெல்லாமா செத்துப் பிறக்க வேண்டும்?

லிஃப்ட் வரை அங்கிள் என்னோடு வந்தார்.

"வீடியோவைப் போடுங்கோ தம்பி, பிரச்சினையில்லை. ஆனா என்னையும் ஒருக்கா மயக்கோணும். அங்க போய் நான் அவவின்ர கதவைத் தட்டினா, அதை மட்டும் வெட்டிப்போடாதேயுங்கோ."

வரும் சனிக்கிழமை ஷூட்டிங். ஆன்ரிக்கு ஒன்று, அங்கிளுக்கு ஒன்று என்று இரண்டு திரைகளை எதிரெதிரே வைக்கப்போகிறேன். அங்கிள் தட்டட்டும். கதவைத் திறப்பீர்களா என்று ஆன்ரியிடம் கேட்க இருக்கிறேன் – இந்த முறை முழு விழிப்பில்.