நாலு விரல் ஐஸ்

ஐஸ் பாருக்கு மூன்று அளவு. என் கைக்கு நீளம் நாலு சாண், அகலம் ஒன்றரை, உயரம் ஒன்று. பெருக்கினால் ஆறு. எல்லாப் பக்கமும் ஒரு சாண் உள்ள பெட்டி ஆறு நிறையும். மீன்காரர் பெட்டியைக் கொண்டுவந்தால் சாண் போட்டுப் பார்த்து, எத்தனை பார் பிடிக்கும் என்று சொல்லிவிடுவேன். சித்தூரில் ஐந்தாவதோடு படிப்பு நின்றது. இந்தக் கணக்கு திருப்பதி ஐஸ் ஃபேக்டரியில் வந்தது.

இப்போதெல்லாம் அச்சிலிருந்து பாரை உருவிப் படுக்கவைத்ததும் கோணி போட்டு மூடிவிடுகிறேன். மூடாத பாரின் மேல் அவள் படுத்திருக்கிறாள்.

போன சித்திரையில் என் மனைவி நெஞ்சுவலியில் போய்விட்டாள். ஏர்பேடு பக்கம் எங்கள் ஊர். மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள்.

"நான் வர்றதுக்குள்ள எடுத்துடாத நைனா. அம்மா மொகத்தப் பாக்கணும்" என்றாள் போனில்.

ஃப்ரீசர் பெட்டி எங்கும் கிடைக்கவில்லை. ஃபேக்டரியிலிருந்து நாலு பார் ஆட்டோவில் கொண்டுவந்தேன். உமி பரப்பி, இரண்டு பாரை நீளவாட்டில் சேர்த்து, மேலே பலகை போட்டுக் கிடத்தினோம். இரண்டு பார் எட்டு சாண். அவள் ஏழுகூட இல்லை. கால்மாட்டில் ஐஸ் வெறுமையாகக் கிடந்தது. இத்தனை வருடம் கூட இருந்தவளின் உயரம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மீதி இரண்டு பாரை உமியில் புதைத்துவைத்தேன். பாடைக்கு மூங்கில் பார்க்கப் போய் வருவதற்குள் மச்சான் அதை எடுத்து உடைத்து அவளைச் சுற்றிக் கொட்டிவிட்டான்.

"சுத்தி வெச்சா நல்லா சில்லுனு இருக்கும்னு பாத்தேன் மாமா."

முழு பாருக்கு ஆறு முகம். உடைத்தால் எத்தனை முகம் என்று எண்ண முடியாது. அத்தனை முகத்திலும் சூடு படும். மதியத்துக்குள் உடைத்ததெல்லாம் தண்ணீர். அவனைத் திட்டவில்லை. அக்காவை இழந்தவன்.

எடுக்கிற வரைக்கும் எங்கள் தெருவில் அடுப்பு மூட்டக் கூடாது. ஊர்ப் பெரியவர் வந்து நின்றார்.

"ஏமய்யா, கொழந்தைங்கோ பசியில கத்திக்கினு கீதுங்க. எப்பதான் எடுக்கறது?"

"பார் நாலு வெரல் உயரம் இருக்கற வரைக்கும் உடுங்க. அதுக்குக் கீழ போனா எடுத்துடலாம்" என்றேன்.

ஒத்துக்கொண்டார். பிறகு கோணியைத் தூக்கித் தூக்கி அளப்பதுதான் என் வேலை. சாண் அரைச் சாண் ஆனது. மகள் சென்னையில் இறங்கினாள். ஐஸ் அடியிலும் கரைந்தது, பக்கத்திலும் கரைந்தது. பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் முகம் என் பக்கம் திரும்பியது. உமி வைத்து முட்டுக்கொடுத்தேன்.

"நாயுடுபேட்ட தாண்டிட்டேன் நைனா" என்றாள் போனில்.

அப்போது அளந்தேன். நாலாவது விரல் ஐஸுக்கு மேலே நின்றது. பெரியவர் பார்த்துவிட்டார்.

"எடுங்கப்பா."

நாலு விரல் என்று சொன்னது நான்தான். பக்கத்து வீட்டுக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். குழாயடியில் என் மனைவியோடு தினம் சண்டை போட்டவள்.

"ஐஸ் தூக்கித் தூக்கி ஒலக்க மாதிரி வீங்கிக்கினு கீது. அதெல்லாம் ஒரு வெரலாண்ணா?"

குந்தித் தன் விரல்களை வைத்தாள்.

"நாலு கீது. இன்னும் எடம்கூட கீது. போய் ஒக்காருங்க எல்லாரும்."

"ஒன் வெரல யாரும்மா கேட்டது?" என்றார் பெரியவர்.

"படுத்துக்கினு கீறது பொம்பள. பொம்பள வெரல்லதான் அளக்கணும். ஒனக்குப் பசிச்சா ரேணிகுண்டா ஓட்டல்ல போய்த் துன்னுட்டு வா."

யாரோ சிரித்தார்கள். பெரியவர் உட்கார்ந்துவிட்டார். அவள் அந்த இடத்தை விட்டு எழவில்லை. யாரையும் கோணியைத் தூக்கவும் விடவில்லை.

கார் வந்தபோது பலகை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. முகம் கெடவில்லை.

மகள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அம்மாவின் நெற்றியில் கை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். ஆட்கள் பாடையைத் தூக்கிவந்து காத்து நின்றார்கள். நான்தான் மகளின் கையைப் பிடித்து எடுத்தேன்.

என் கை ஐஸில் பழகின கை. அதற்கே சில்லென்றது. என் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தேன். சுடுகாடு போகிற வரைக்கும் தேய்த்துக்கொண்டே நடந்தேன். சூடு ஏறவில்லை.