ஓட்வாரின் முன்பல்

நாக்கு மறுபடியும் அங்கே போய்விட்டது. ஃபெர்ரிப் படகின் இரும்புப் பாலம் கரையில் இறங்கி, வண்டிகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருக்கின்றன. ஓட்வார் ஒரு கையால் லாரியை நடுவரிசைக்கும் மறு கையால் சிறு காரை ஓரத்துக்கும் அனுப்புகிறார். மஞ்சள் மேல்சட்டை, மழைத்தொப்பி, நரைத்த தாடி எல்லாம் வேலையில் இருக்கின்றன. நாக்கு மட்டும் வேலையில் இல்லை. மேல்வரிசையில் நடுவே இருக்கும் இரண்டு பற்களில் இடப்பக்கத்துப் பல்லின் பின்னால் போய் நின்றுகொண்டு, மெல்ல ஒரு தள்ளு தள்ளிப் பார்க்கிறது. ஆடுகிறது. நேற்றைவிட அதிகமாகவா, அதே அளவா? தெரிந்துகொள்ள இன்னொரு தள்ளு வேண்டும். அதற்குள் பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறார்கள்.

மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்த ஃபியோர்டின் இந்தக் கரையில் அவரைப் படகு வேலைக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. ஊர் பேண்டின் முதல் கார்னெட் என்றுதான் சொல்வார்கள். டிரம்பெட்டைவிடக் குட்டையான, குரல் மென்மையான பித்தளைக் கருவி அது. மே பதினேழு காலையில் கொடி ஏறியதும், தேவாலயத்தை ஒட்டி, கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காக நட்ட கல்லின் முன்னால் நின்று அவர் தனியாக வாசிப்பார். அதன் பிறகுதான் ஊருக்குத் தேசிய நாள் பிறந்ததாக அர்த்தம். குழந்தைகளின் ஊர்வலம், தொத்திறைச்சி, கிரீம் கேக் எல்லாம் அப்புறம். அந்தக் கல்லில் அவருடைய அண்ணன் ஆர்ன்ஃபின்னின் பெயரும் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை அண்ணனோடு பேச அவருக்குத் தெரிந்த வழி அந்த வாசிப்பு ஒன்றுதான்.

ஏப்ரல் தொடக்கத்தில் பல் டாக்டர் சில்யே எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, மேஜைமேல் இருந்த பெரிய பிளாஸ்டிக் பல்லைக் கையில் எடுத்தாள்.

“வெளியில தெரியறதை மட்டும் பல்லுன்னு நினைச்சுக்கறோம். ஈறுக்குள்ள போற வேரு இதைவிட நீளம். மேல இருக்கற வெள்ளைப் பூச்சு உடம்புலயே கெட்டியான பொருள். அதுக்குள்ள மஞ்சளா கொஞ்சம் மெத்துனு ஒரு அடுக்கு. நடுவுல நரம்பும் ரத்தமும். ஆனா ஒண்ணு, இவ்வளவு கெட்டியா இருக்கற பல்லு எலும்போட ஒட்டிக்கிட்டு நிக்கல. நூல் நூலா நாரு இருக்கு, அதுலதான் தொங்குது. கடிக்கும்போது அடியைத் தாங்கறது அந்த நாருதான். பல்லுக்கு நடுவுல ஒரு தலைமுடி மாட்டினாக்கூடத் தெரியுதில்ல? அதைச் சொல்றதுல அந்த நாருக்கும் பங்கு இருக்கு.”

“என்னோட நாரு எப்படி இருக்கு?”

“பெரும்பாலும் போயிடுச்சு. சுத்தி இருக்கற எலும்பும் கரைஞ்சிருக்கு. பல்லுல ஒரு சொத்தைகூட இல்ல, அழகான பல்லு. பிடிமானம்தான் இல்ல. எடுத்துட்டு வேற பல்லு கட்டிக்கலாம்.”

“கட்டிக்கிட்டா பழையபடி வாசிக்கலாமா?”

“சிலர் கொஞ்ச மாசத்துல பழகிக்கறாங்க.”

“மத்தவங்க?”

சில்யே பிளாஸ்டிக் பல்லை மேஜைமேல் வைத்தாள். “அதுவரைக்கும் கருவியை ரொம்ப அழுத்தாதீங்க” என்றாள். மே பதினேழு கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓட்வார் கிளம்பியவர்தான். கிளினிக் இருக்கும் தெருவைத் தவிர்க்க இப்போது பெட்ரோல் பங்க்கைச் சுற்றிக்கொண்டு போகிறார்.

அழுத்தாமல் இருக்க அவரால் முடியவில்லை. கார்னெட்டின் ஊதுவாய் உட்காருவது உதட்டின்மேல். உதட்டை உள்ளிருந்து தாங்குவது முன்பற்கள். பல் ஆட ஆட ஒலி மெலிகிறது. ஒலி மெலிந்தால் பயம் வருகிறது, பயம் வந்தால் கை தானாக அழுத்துகிறது, அழுத்தினால் பல் இன்னும் ஆடுகிறது. இது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அதையே செய்துகொண்டிருக்கிறார், மனிதப் பிறவி அல்லவா.

பயம் அவரைப் பல் பண்டிதராகவே ஆக்கிவிட்டது. ஃபெர்ரியின் காப்பிக்கடையில் யாராவது ஆப்பிளைக் கடித்தால் போச்சு, பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். “இப்ப கடிச்சியே, அது முன்பல்லு. வெட்டறது மட்டும்தான் அதோட வேலை. இறைச்சியைக் கிழிக்கறது ஓரத்துல கூரா இருக்கே, அந்தக் கோரைப்பல்லு. அரைக்கறதெல்லாம் பின்னாடி கடைவாய்க்காரன். அவனுக்கென்ன, ரெண்டு மூணு வேரு! முன்பல்லு பாவம், ஒத்தைக் கால்ல நிக்குது.” கடைக்காரப் பெண் சிரிப்பாள். “இந்த வயசுல பல் டாக்டருக்குப் படிக்கப் போறீங்களா?” ஓட்வாரும் சிரிப்பார், கையால் வாயை மறைத்துக்கொண்டு.

வீட்டில் மனைவி குன்வோரிடமும் அவர் வாயைத் திறக்கவில்லை. சொல்லிவிட்டால் பல் விழுந்தேவிடும் என்பது போல ஒரு நடுக்கம். மொறுமொறு ரொட்டியைக் காப்பியில் ஊறவைத்துத் தின்கிறார். பழுப்புச் சீஸை மட்டும் நாக்கால் அண்ணத்தில் அழுத்திக் கரைக்கிறார். இன்னொரு பழக்கமும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. ‘வ’ என்று சொல்ல மேல்பல் கீழுதட்டைத் தொட்டாக வேண்டும். மனைவியின் பெயரில் அந்த எழுத்து இருப்பது வசதியாகப் போயிற்று. காலையில் எழுந்ததும் குளியலறையிலிருந்து கூப்பிட்டுப் பார்க்கிறார்.

“குன்வோர்! குன்வோர்!”

“என்ன?”

“சும்மாத்தான்.”

“கல்யாணமான புதுசுலகூட நீ இப்படிக் கூப்பிட்டதில்ல. அதுவும் சும்மா கூப்பிடறவன் கண்ணாடியைப் பாத்துக்கிட்டா கூப்பிடுவான்?”

ஓட்வார் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் ஓடும் சத்தத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பேண்டில் இரண்டாவது கார்னெட் ஹெர்டிஸ், பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து பெர்கனிலிருந்து வந்தவள். முகத்தைச் சுளிக்காமல் எந்த உயரத்துக்கும் ஏறி வாசிப்பாள். அதுவே அவருக்கு வயிற்றெரிச்சல். மே மாத ஒத்திகையில் அவள் கேட்டுவிட்டாள்.

“ஓட்வார், உங்க ஊதுவாய் கொஞ்ச நாளா வலப்பக்கமா நகர்ந்துக்கிட்டே போகுதே. அந்தப் பக்கம் காத்து நல்லா வருதோ?”

எல்லாரும் சிரித்தார்கள். ஓட்வார் ஊதுவாயைக் கழற்றித் துடைத்தார்.

“நீ பொறக்கறதுக்கு முன்னாடியே வாசிக்க ஆரம்பிச்சவன் நான். என் வாய் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

“கோவிச்சுக்காதீங்க. கல்லுக்கு முன்னாடி வாசிக்கற பாட்டை நானும் ஒரு தடவை பாத்து வெச்சுக்கட்டுமா? எதுக்கும் இருக்கட்டும்னுதான்.”

“எதுக்கு? நான் செத்தா போயிட்டேன்?”

சிரிப்பு நின்றுவிட்டது. சொன்ன வார்த்தைக்காக அவர் அன்று வீடுவரைக்கும் வருந்திக்கொண்டே நடந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் காரணமும் சொல்ல வேண்டியிருக்கும்.

மே பதினேழு காலையில் மழை விட்டிருந்தது. கொடி ஏறியது. பூவேலை செய்த பாவாடையும் வெள்ளிப் பொத்தானுமாக ஊரே கல்லைச் சுற்றி நின்றது. பேண்டு வரிசையிலிருந்து ஓட்வார் இரண்டடி முன்னால் வந்து கார்னெட்டை உதட்டில் வைத்தார். முதல் வரி நன்றாக வந்தது, இரண்டாவதும் வந்தது. அடுத்த வரி மேலே ஏறும். கை அழுத்தியது. பல் உள்பக்கமாகச் சாய்ந்தது.

ஒலி காற்றாகி நின்றுபோனது. வாயில் ரத்தத்தின் உப்பு. முன்வரிசையில் ஒரு பெண், அவர் அண்ணனை நினைத்து அழுகிறார் என்று எண்ணித் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓட்வார் உள்ளங்கையால் வாயைப் பொத்தினார். கல்லில் அண்ணன் பெயர் தெரிந்தது. பாதிப் பாட்டோடு அங்கே நிற்பதைவிட மண்ணுக்குள் போய்விடலாம் என்றிருந்தது அவருக்கு.

அவர் விட்ட இடத்திலிருந்து பின்னால் பாட்டு எழுந்தது. ஹெர்டிஸ்தான். பார்த்து வைத்திருக்கிறாள். வரிசையை விட்டு வராமல், நின்ற இடத்திலேயே, அடக்கமாக வாசித்தாள். அந்த ஒலி அவர் முதுகில் வந்து பட்டது. தனக்கு வந்தது கோபமா அவமானமா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. அவளுடைய கருவிக்கும் கல்லுக்கும் நடுவே, பாட்டை மறித்துக்கொண்டு தான் நிற்பது சற்றுப் பொறுத்துத்தான் அவருக்குப் புரிந்தது.

வாயைப் பொத்திய கையை எடுக்காமலே ஓட்வார் ஓரடி விலகி நின்றார்.