ஈரலில் கண்டதைச் சொல்லவில்லை

குற்றம் செய்யாத ஒரு மனிதனை, அவன் கும்பிட்ட தெய்வமே தண்டித்தது என்று ஊர் நம்பும்படி விட்டவன் நான். ஊர் மட்டுமா நம்பியது? அவனும் நம்பினான்! ஒரே ஒரு வாக்கியம் சொல்லி அதைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

என் மேல் இரக்கப்பட அவசரப்படாதீர்கள். முழுவதையும் கேட்ட பிறகு இரங்குவீர்களா என்பது எனக்குச் சந்தேகம்.

அப்போது நான் அரசாங்க மாட்டு வைத்தியருக்கு உதவியாளன். புளியந்தீவில் எனக்கென்று ஓர் அறை, மேசையில் நுணுக்குக்காட்டி, தலைக்குள் பெருந்தலைக்கனம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனால் குருக்கள்மடத்துத் துறையில் தோணி ஏறி வாவிக்கு அக்கரையில் இறங்கினால் என்னை எல்லோரும் ‘ஐயா’ என்றார்கள். அது போதாதா ஒரு மடையனைக் கெடுக்க?

நெல் விலை விழுந்து கிடந்த வருடம் அது. அக்கரையில் ஒரு போடியார். வட்டை வட்டையாக வயலும் பெரிய மாட்டுப் பட்டியும் உள்ளவர். தம் வண்டி எருதுகளை நல்ல விலைக்கு விற்க நினைத்தார். எருதுகளோ எலும்பும் தோலுமாக நின்றன. என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டார்.

“நெல் சும்மாதானே கிடக்கு? எருது ஒண்டுக்கு ஒரு மரைக்கால் நெல், அதோட தவிடு. இண்டைக்கே தொடங்குங்க. ஒரு மாசத்தில மினுங்கும்” என்றேன்.

பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த சாமித்தம்பி பக்கத்தில் நின்றான். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவன். அவனை ‘அவன்’ என்று சொல்லும் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை, பாருங்கள். தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்:

“ஐயா, இது புல்லுத் திண்டு வளந்த மாடுகள். ஒரேயடியா நெல்லுக் குடுத்தா வகுறு புண்ணாப் போகும். எழும்பி நிண்டாலும் பிறகு ஒரு நாளைக்கு விழுந்திரும்.”

“உனக்கு இதெல்லாம் ஆர் படிப்பிச்சது? மாடா?”

“ஓம் ஐயா, மாடுதான்.”

போடியார் விழுந்து விழுந்து சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரித்தாரா, அவனைப் பார்த்தா? எனக்கு விளங்கவில்லை. விளங்காததுதான் என்னைச் சுட்டது. வேலியோரம் கட்டியிருந்த அவனுடைய ஒரே பசுவின் முன்னால் போய், ஒரு மரைக்கால் நெல்லை என் கையாலேயே கொட்டினேன். “உன்ர மாடு விழுதோ எண்டு பாப்பம்!”

பசு ஆவலாகத் தின்றது. இரண்டு நாள் அசைபோடாமல் நின்றதாம், வயிற்றாலும் போனதாம். எருதுகளில் சிலவும் அப்படித்தான். பிறகு எல்லாம் தேறின, எருதுகள் மினுங்கவும் தொடங்கின. நான் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

வைகாசியில், விலை பேசி முடியுமுன்பே, ஓர் எருது நின்ற நிலையில் சரிந்து செத்தது. நாலாம் நாள் இன்னொன்று. போடியார் ஆள் அனுப்பினார். போய் அறுத்துப் பார்த்தேன். ஈரல் முழுவதும் கட்டிகள்! முட்டை அளவில், கீறியதும் மஞ்சள் சீழ், நெருங்க முடியாத நாற்றம். இரைப்பையைத் திறந்தேன். உட்சுவரில் ஆறிய புண்களின் தழும்புகள்...

சீழில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் எடுத்து வந்து நீலச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். நூல் நூலாக நீண்ட கிருமிகள். அவற்றை நான் படித்திருக்கிறேன். மாட்டின் வயிற்றிலேயே சும்மா குடியிருக்கும் கிருமி அது. சுவரில் புண் விழுந்தால் இரத்தத்தில் இறங்கி நேரே ஈரலுக்குப் போய்க் கட்டி கட்டும். என் புத்தகத்தில் கிருமியின் பெயர் இருந்தது, அதற்கு வழி திறந்துவிட்டது எதுவென்று இருக்கவில்லை. அதைச் சொன்னவன் சாமித்தம்பி. ‘நெல்லுக் குடுத்தா வகுறு புண்ணாப் போகும்.’

நஞ்சில்லை, செய்வினையில்லை. என் வாய்தான் அந்த எருதுகளைக் கொன்றது!

ஆனால் அதற்குள் ஊர் வேறு கதை கட்டியிருந்தது. எருதுகள் வயலில் இறங்கியதற்காகப் போடியார் சாமித்தம்பியை நாலு பேர் முன்னால் ஏசியிருந்தார். அந்த வன்மத்தில் அவன் நஞ்சு வைத்துவிட்டானாம். மறுநாள் போடியார் என்னிடம் கேட்டார்: “தம்பி, நீங்க அறுத்துப் பாத்த ஆள். நஞ்சுதானே?”

“இருக்கலாம்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வேலை போய்விடும் என்ற பயமா? அதுவும்தான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன்... நுணுக்குக்காட்டி வைத்திருந்த நான், மாட்டுக் கம்பு வைத்திருந்தவனிடம் தோற்றதை என்னால் தாங்க முடியவில்லை. இவ்வளவு அற்பமான காரணம்!

வருடச் சடங்குக்காக அம்மன் கோயில் திறந்திருந்த நேரம். சாமித்தம்பி ஈர வேட்டியோடு போய், எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தான். அந்த ஊர் வழக்கப்படி எட்டு நாள் தவணை. அதற்குள் அவன் வீட்டில் கேடு ஒன்றும் வராவிட்டால் அவன் சுத்தவாளி.

நான் ஆறுதலடைந்தேன். எட்டு நாள் கழிந்தால் அவனும் தப்புவான், நானும் தப்புவேன்! அந்த நாள்களில் என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. துறைக்குப் போவேன், தோணியைப் பார்ப்பேன், ஏறாமல் திரும்புவேன்.

ஆறாம் நாள் அவனுடைய பசு செத்தது.

அவனே வந்து என்னைக் கூட்டிப்போனான். “அறுத்துப் பாத்துச் சொல்லுங்க ஐயா. ஊர் கேக்கட்டும்.” ஊரே சுற்றி நின்றது. கத்தியை வைத்தேன். அதே கட்டிகள், அதே சீழ். அந்த நெல்லை அள்ளிக் கொட்டிய கையாலேயே ஈரலைத் தூக்கிப் பார்த்தேன்.

“என்ன ஐயா கண்டீங்க?”

“ஈரல் கெட்டுப் போயிருக்கு.”

அவ்வளவுதான் சொன்னேன். பொய்யில்லை, பார்த்தீர்களா? “அம்மாள் காட்டிப்போட்டா!” என்று ஒரு கிழவர் கத்தினார். சாமித்தம்பி பசுவின் தலைமாட்டில் குந்திவிட்டான். “நான் ஒண்டும் வெக்கல்லயே தாயே... எனக்குத் தெரியாம ஏதும் பிழை விட்டிட்டனோ?” என்று தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தான். நான் கை கழுவத் தண்ணீர் கேட்டேன்.

அடுத்த கிழமை அவனும் மனைவியும் ஊரைவிட்டுப் போனார்கள். எனக்கு வேலை நிரந்தரமானது. போடியார் எனக்காக நல்ல வார்த்தை சொன்னதாகக் கேள்வி.

பத்து வருடம் கழித்து, போன மாசிமாதம், செட்டிபாளையத்துக் கடற்கரையில் அவனைக் கண்டேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரை. ஓடிவிட நினைத்தேன். அதற்குள் அவனே கயிற்றை விட்டுவிட்டு வந்தான்.

“ஐயா! சுகமா இருக்கிறீங்களா?”

இப்போது மாடு வைத்திருக்கிறானா என்று கேட்டேன். வேறென்ன கேட்பேன்?

“இல்ல ஐயா. அம்மாள் வேணாமெண்டு சொன்ன கை. மாட்டில வெக்கிறல்ல.” ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சொன்னான்: “ஊரெல்லாம் நஞ்செண்டு சொல்லக்குள்ள, நீங்க மட்டும்தான் எனக்கெதிரா ஒண்டும் சொல்லல்ல. அத நான் மறக்கல்ல ஐயா.”

போடியாரிடம் நான் சொன்ன அந்த ‘இருக்கலாம்’ அவன் காதுக்கு எட்டவே இல்லை! வாய் திறந்தேன்... சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் மனைவியைக் கூப்பிட்டு, “ஐயாவுக்கு நல்ல மீனாப் பாத்துக் குடு புள்ள” என்றான். அவள் இரண்டு பாரை மீன்களை ஓலையில் கோர்த்து நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து குழம்பு வைக்கச் சொன்னேன். இரண்டாம் முறையும் சோறு கேட்டுச் சாப்பிட்டேன்.

சாமித்தம்பி இன்னும் அங்கேதான் வலை இழுக்கிறான். நான் இப்போது இருக்கும் வீட்டிலிருந்து மூன்று கட்டை தூரம், நடந்தே போகலாம். நான் போகவில்லை. முன்பின் தெரியாத உங்களைப் பிடித்து வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.